காய் ஓசையின்றி வெடிக்கும்

காது மூக்கு தொண்டை மருத்துவர் வந்த அன்று அந்த வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த பெண், தெருவில் அவளை விதைக்காரி என்பார்கள், கடிகாரம் பழுது பார்க்கும் அவள் கணவர், பேச்சை நிறுத்தத் தெரியாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய அவள் தம்பி, ஆள்காட்டி விரலில் தழும்புடன் அடுத்த வீட்டுத் தையல்காரி, மருத்துவர், சுவரில் பதினான்கு கடிகாரங்கள், நாற்காலியில் எட்டு வயது மகள். மகள் வாயை முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. பதினான்கு கடிகாரங்களும் சரியான நேரத்தைக் காட்டின. அவற்றிலிருந்தும் சத்தம் வரவில்லை.

மருத்துவர் தொண்டையில் விளக்கு அடித்துப் பார்த்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. குரல்வளையைத் தொட்டுப் பார்த்தார், அழும்போது அது அதிர்ந்தது. பிறகு ஸ்டெதஸ்கோப்பை மகளின் நெஞ்சில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். இடத்தை மாற்றி வைத்தார். முதுகில் வைத்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார், நாடி குதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டார். அவர் முகம் வெளுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பையை மூடாமலே தெருவுக்கு இறங்கினார். ஸ்டெதஸ்கோப் நாற்காலிக் கையிலேயே தொங்கியது. அதைக் கேட்டு அவர் ஆள்கூட அனுப்பவில்லை.

இது தொடங்கி அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. விதைக்காரியின் வேலை எண்ணுவது. ஈரத் தாளில் நூறு விதையைப் பரப்பி, மூடி வைத்து, பத்தாம் நாள் எத்தனை முளைத்தது என்று எழுதுவாள். வருஷத்தில் இரண்டு மாதம் வெளியே அனுப்புவார்கள். ஊர் விளிம்பில், சாலை ஓரத்தில், தரிசில் தானாக வளரும் செடிகளைப் பார்த்து இன்னது என்று பெயர் கண்டுபிடித்து, விதை கொண்டுவர வேண்டும். அப்படிப் போன ஒரு நாளில், ரயில் பாதை வளையும் இடத்தில், மேட்டுச் சரிவில் ஒரு வாசனை வந்தது. கறுப்பு திராட்சையும், வெயிலில் காய்ந்த துணியும், புதிதாகச் சீவிய பென்சிலும் சேர்ந்த வாசனை. அந்த வளைவில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடியுடன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அங்கே ரயில் வருவது காதில் விழுவதில்லை, இரண்டு பேர் அடிபட்டுப் போய்விட்டார்கள், காற்றடிக்கும் திசை அப்படி என்று அவர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முப்பது பெட்டி கொண்ட சரக்கு ரயில் ஒன்று அவள் முதுகுக்குப் பின்னால் போனது. கற்கள் அதிர்ந்ததால்தான் திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியமான வளைவு என்று நினைத்துக்கொண்டாள். அவள் வந்தது செடிக்காக.

செடி சரிவில் ஏழெட்டு இடத்தில் இருந்தது. பூவைப் பார்த்தவுடனே குடும்பம் தெரிந்துவிட்டது: மேலே கொடிபோல் நிமிர்ந்த பெரிய இதழ் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகச் சிறகுபோல் இரண்டு, கீழே ஒட்டிப் படகுபோல் இரண்டு. அவரைக்கும் பட்டாணிக்கும் இருக்கும் அதே பூ, நிறம் மட்டும் காய்ந்த ரத்தத்தின் பழுப்பு. இலைக்காம்பில் ஏழு சிற்றிலை. பற்றிக்கொள்ளச் சுருள்கம்பி இல்லை, தண்டே பற்றிச் சுற்றும். போன வருஷத்துத் தண்டு காய்ந்து கிடக்க அதன் அடியிலிருந்தே புதுத் தண்டு வந்திருந்தது, ஆகவே பல வருஷம் வாழும் செடி. எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதினாள். முதிர்ந்த காய் ஒன்று அவள் உள்ளங்கையில் வெடித்தது. இந்தக் குடும்பத்துக் காய்கள் வெயிலில் படீரென்று முறுக்கி விதையை வீசும். இது முறுக்கியது, விதை பறந்து அவள் கன்னத்தில் அடித்தது, சத்தம் இல்லை. படிவத்தில் சிறப்புக் குறிப்பு என்ற இடத்தில், காய் ஓசையின்றி வெடிக்கும் என்று எழுதினாள். அழகான கையெழுத்து. அந்தப் படிவம் இன்னும் இருக்கிறது.

தவறு அந்த வரியில் இல்லை, அதற்கு மேல் வரியில் இருந்தது. அவர்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பல வருஷம் வாழும் செடி ஓர் இடத்தில் இருபதுக்குக் குறைவாக இருந்தால் தோண்டக் கூடாது, பூத்த கிளை ஒன்றை மட்டும் நறுக்கி வரவேண்டும். நல்ல விதி. ஆனால் படிவத்தில் வேரைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். காற்றில் இருக்கும் சத்தைப் பிடித்து அந்த முடிச்சில் சேர்த்துவைத்துத்தான் அவை வளர்கின்றன. எல்லாச் செடியிலும் அதுதானே இருக்கப்போகிறது என்று அங்கே எல்லோரும் பார்க்காமலே எழுதுவார்கள்: முடிச்சு உண்டு, சாதாரணம். பதினொரு வருஷமாக அவளும் அப்படித்தான் எழுதினாள். அன்றும் எழுதினாள். எந்தப் புத்தகத்திலும் அந்தச் செடிக்குப் பெயர் கிடைக்கவில்லை. அவரைக் குடும்பம், பெயர் தெரியவில்லை என்று எழுதிக் காயவைத்த கிளையை அலமாரியில் வைத்தார்கள். விதையில் பாதியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெயர் இல்லாத செடிக்குத் தான் பெயர் வைக்கலாம் என்ற ஆசை. இதைவிட மோசமான ஆசைகள் உள்ளவர்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விதை இரும்பு. ஈரத் தாளில் நூறுக்கு மூன்று முளைத்தது. உப்புத்தாளில் ஒவ்வொரு விதையின் முதுகையும் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தாள், அறுபது முளைத்தது. வேர் நேராக ஆழமாகப் போகும், இடம் மாற்றினால் செத்துவிடும் என்பதால் தொட்டி வேண்டாம் என்று வீட்டின் பின்னால் இருந்த கண்ணாடி அறையில் நான்கு தரைக்கல்லைப் பெயர்த்து மண்ணிலேயே ஊன்றினாள். சொந்த மண்ணின் கிருமி இல்லாமல் முடிச்சு பிடிக்காது, அதனால் ரயில் மேட்டிலிருந்து இரண்டு பை மண் கொண்டுவந்து கலந்தாள். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். முதல் வருஷம் இலை மட்டும். குளிர் வந்ததும் எல்லாம் கருகித் தரையோடு போனது. கடிகாரக்காரர் பிடுங்கிப் போடலாம் என்றார். "செத்துப் போகல, வேர் தூங்குது" என்றாள் அவள். அதை அவள் பெருமையாகச் சொன்னதாகத் தையல்காரிக்கு ஞாபகம்.

இரண்டாம் வருஷம் துளிர்த்தபோது கடிகாரங்களின் டிக் டிக் நின்றது. முள் ஓடியது, பெண்டுலம் ஆடியது, சத்தம் மட்டும் இல்லை. கடிகாரக்காரர் காதால் வேலை செய்பவர். பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணில் லென்ஸ் மாட்டும் முன்னரே காதில் வைத்துச் சொல்லிவிடுவார். காது போகிறது என்று நினைத்தார். ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடும்போது மனைவி பேசுவதை உதட்டைப் பார்த்துப் பழகினார், தேவைப்படும் என்று. பழுது பார்த்த கடிகாரங்களை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காதில் வைத்துப் பார்த்தார். அங்கே டிக் டிக் கேட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு நடந்து வரும்போது, தன் தெருவின் மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே, கையில் இருந்த கடிகாரத்தின் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. பின்னால் ஓர் அடி வைத்தார், கேட்டது. முன்னால் ஓர் அடி வைத்தார், நின்றது. அன்றிரவு மனைவியிடம் சொன்னார். அவளுக்கு அப்போதுதான் சமையலறைக் குழாய் ஒழுகும் சத்தம் நினைவுக்கு வந்தது. குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

ஓயாமல் வரும் சத்தத்தை அது முதலில் எடுத்தது. கடிகாரம், குழாய், கீல், அடுத்த வீட்டுத் தையல் மெஷின். ஆரம்பத்தில் யாருக்கும் வருத்தமில்லை, வீடு அமைதியாக இருக்கிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்துபோகும் ரேடியோதான் முதலில் முறையிட்டான். அவன் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவன். துணி வாங்க வந்தவர்கள் அவன் பேச்சுக்குப் பயந்து எதிர்க்கடைக்குப் போனதால் வேலை போனது. மூன்று கடையில் அப்படிப் போயிற்று.

"என்னக்கா இது, உன் வீட்டுல பேசினா பஞ்சு மூட்டைக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

"இத்தனை வருஷம் அந்தப் பஞ்சை எங்க காதுல வெச்சுக்கிட்டிருந்தோம்டா" என்றார் கடிகாரக்காரர். "இப்ப வீட்டுக்கே வெச்சாச்சு."

"சிரிங்க மச்சான், சிரிங்க. நான் செத்தா இந்த வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது பாருங்க."

மூன்றாம் வருஷம் பூத்தது. வாசனை தெருவின் இரண்டு பக்கமும் போனது. ஜன்னலை மூடி வைத்திருந்தவர்கள் திறந்தார்கள். அந்த வாசனையில் நின்றுகொண்டு நாய்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. தையல்காரியின் மெஷின் அவள் அறியாமல் வேகமெடுத்து ஊசி அவள் விரலில் எலும்பு வரை இறங்கியது. மெஷினின் சத்தம் கேட்டிருந்தால் காலைத் தூக்கியிருப்பாள். அவள் போட்ட அலறல் அடுத்த அறையில் இருந்த அவள் கணவனுக்கே கேட்கவில்லை. துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்ட கையுடன் எழுந்து வந்து அவன் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. இது வாசனைச் செடியின் வேலை என்று அப்போதும் யாரும் நினைக்கவில்லை. நல்ல வாசனை உள்ள ஒன்றைச் சந்தேகப்பட மனிதர்களுக்கு வராது.

மகள் பள்ளிவிட்டு வந்தால் தூங்கும் வரை கண்ணாடி அறையில்தான் இருப்பாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும். செடியிடம் பாடம் ஒப்பிப்பாள், சண்டை போடுவாள், செடி டீச்சர் என்றும் மாணவன் என்றும் மாற்றி மாற்றி நடிப்பாள். நான்காம் வருஷம் அவள் கத்தினால் பேசுவதுபோல் கேட்டது. பிறகு பேசினால் ரகசியம்போல் கேட்டது. சளி என்று மருந்து கொடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை அவள் எதற்கோ சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, தரையில் உருண்டு சிரித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த நாள்தான் மருத்துவர் வந்தார்.

மருத்துவர் போனபிறகு விதைக்காரி மண்வெட்டியை எடுத்தாள். அவர் விட்டுப்போன ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, மகள் எப்போதும் உட்காரும் கண்ணாடி அறைத் தரையில் வைத்துப் பார்த்திருந்தாள். வீட்டில் எங்குமே கேட்காதது அங்கே கேட்டது. மண்ணுக்குள்ளிருந்து, ஒரு கூட்டம் தூரத்தில் பேசிக்கொள்வதுபோல. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் செடியின் வேரைப் பார்த்தாள். தண்டு விரல் பருமன்தான். வேர் அவள் தொடை பருமன் இருந்தது. அது நேராக ஒரு கைநீளம் இறங்கி, பிறகு சுவருக்கு அடியில், சமையலறைக்கு அடியில், மகள் படுக்கும் கட்டில் இருக்கும் மூலையை நோக்கிப் போயிருந்தது. கடுகளவு இருக்க வேண்டிய முடிச்சுகள் புளியங்கொட்டை அளவில், சில கோழிமுட்டை அளவில், கொத்துக் கொத்தாக. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. முடிச்சு உண்டு, சாதாரணம்.

ஒரு முடிச்சைக் கிள்ளி எடுத்துச் சமையலறை மேசையில் வைத்துக் கத்தியால் வெட்டினாள். நல்ல முடிச்சு உள்ளே சிவந்திருக்கும், அது அவளுக்குத் தெரியும். இது சிவந்திருந்தது. உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஒரு கடிகாரம் கேட்டது. ஒரு நிமிஷம் ஓடி, நின்றது. முடிச்சு வற்றி வெறும் தோலானது. இரண்டாவதில் குழாய் சொட்டியது. மூன்றாவதை வெட்டியதும், "அம்மா, இங்க வந்து பாரேன், இது என் விரலைப் பிடிச்சுக்குது!" என்றது மகளின் குரல். மகள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். தன் குரலைக் கேட்டு ஓடிவந்து, வாயைத் திறந்தாள். வாயில் ஒன்றும் வரவில்லை. விதைக்காரி அடுத்ததை வெட்டினாள், அதற்கடுத்ததை வெட்டினாள். ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி கேட்டது. பொம்மையைத் திட்டுவது கேட்டது. ஒவ்வொன்றும் ஒரு முறை கேட்டு, தோலாகிப் போனது. கடிகாரக்காரர்தான் கத்தியைப் பிடித்தார். கத்தியின் வாயையே பிடித்தார், கை அறுபட்டது.

"நிறுத்து. வெளிய விட்டா போயிடுது, அவகிட்ட திரும்பி வரல. உள்ள மிச்சம் எவ்வளவு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. எண்ணுவதே வேலையாக இருந்தவள் எண்ணாமல் வெட்டியிருந்தாள்.

பிறகு அவள் வேரையே கோடரியால் துண்டு போட்டாள். இத்தகைய வேரைத் துண்டு போட்டால் துண்டுக்கு ஒரு செடி வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். பதினாறாம் நாள் பதினேழு தளிர் வந்தது, ஒன்று மகளின் கட்டிலுக்கு அடியில், பலகையைப் பிளந்துகொண்டு. ஊருக்கு மறுகோடியில் அறை எடுத்துப் பதினொரு நாள் தங்கிப் பார்த்தார்கள். அங்கே கடிகாரம் பேசியது, குழாய் பேசியது, மகள் பேசவில்லை. அவளுடையது இங்கே மண்ணில் இருந்தது. திரும்பி வந்தார்கள்.

யோசனை வந்தது வேலையிலிருந்துதான். உரம் நிறையப் போட்ட நிலத்தில் அவரைச் செடி முடிச்சு வைக்காது. வைத்த முடிச்சையும் உதிர்த்துவிடும். வேண்டியது தாராளமாகக் கிடைக்கும்போது சேர்த்துவைப்பானேன் என்று அதற்குத் தெரியும். உதிர்ந்த முடிச்சில் இருப்பது பக்கத்தில் இருப்பவற்றுக்குப் போய்ச் சேரும். வெட்டி எடுத்தால் வீணாகும், தானாக உதிர்த்தால் சேரும். ஆகவே அதற்குத் திகட்டும்வரை சத்தம் கொடுக்க வேண்டும். நான்கு வானொலிப் பெட்டிகளை வாங்கிக் கண்ணாடி அறையில் வைத்து முழு ஒலியில் திருப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கும் ஊமையாகின, ஒரு முடிச்சும் உதிரவில்லை.

"பெட்டி வேணாம்க்கா" என்றான் தம்பி. "நிஜ ரேடியோவை உள்ள வைங்க."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரு முக்காலியுடன் உள்ளே போனான். துணிக்கடை முதலாளியின் மூக்கிலிருந்து தொடங்கினான். தன் கல்யாணம் நின்றுபோன கதை, மச்சான் வரதட்சிணையாக ஓடாத கடிகாரம் கேட்ட கதை, நடந்ததும் நடக்காததும், மாலை ஐந்து மணி வரை வாய் மூடவில்லை. அவன் முழுசாக ஒரு கதையைச் சொல்லி முடிக்க அனுமதிக்கப்பட்டது அவன் வாழ்க்கையில் அன்றுதான். நாலரை மணிக்கு முன்னறையில் உட்கார்ந்திருந்த மகளுக்கு ஒரு விக்கல் வந்தது. விக்கல் கேட்டது. கடிகாரக்காரர் எழுந்து நின்றார். இன்னொரு விக்கல். அவர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். தரைக்கு அடியில் பத்துப் பதினைந்து முடிச்சுகள் சுருங்கி உதிர்ந்திருந்தன.

அன்றிரவு சாப்பிடும்போது ரேடியோ கரண்டியைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். "அக்கா, இதுக்கு என்ன பேரு? இந்த... அள்ளுறது." எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த ஞாயிறும் அவன் உள்ளே போய்ப் பேசினான், மகள் இருமினாள், "ம்" என்றாள். அடுத்த நாள் காலை ரேடியோ வந்து வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"திங்களுக்கு அப்புறம் என்ன கிழமைக்கா?"

"செவ்வாய்."

"நீ சொல்றது காதுல விழுது. உள்ள போய் உட்கார மாட்டேங்குது. அங்க ஒரு ஓட்டை இருக்கு. நேத்து அப்பா முகம் ஞாபகம் வந்துச்சு, அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவேன்னு வரல. நான் இனிமே உள்ள போகல. கோவிச்சுக்காத."

அது அவன் குரலைத் தொடவில்லை. நாளைக்கும் வேண்டுமே என்று வைத்திருப்பதுபோல, குரலை விட்டுவிட்டுச் சொல்லை எடுத்தது. விதைக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் அவனைக் கேட்கவும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் மகளின் விக்கல் போனது, "ம்" போனது, பிறகு அவள் காலடிச் சத்தம் போனது. வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பினால் பின்னால் நிற்பாள். ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தவள் நிலவறைப் படியில் சறுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்து, கால் இரண்டு படிகளுக்கு இடையில் மாட்டி, அம்மா சமையலறையில் தலைக்கு மேலே நடப்பதைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இரண்டரை மணி நேரம் கத்தினாள். விளக்கெண்ணெய் எடுக்கத் தற்செயலாக இறங்கிய அப்பாதான் கண்டார். அவள் உதடு வெடித்திருந்தது. அடுத்த தடவை யாரும் தற்செயலாக இறங்காமல் போகலாம். அன்று மாலை விதைக்காரி தம்பியின் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும் வழியில் இரும்புக் கடையில் ஒரு பூட்டு வாங்கினாள். கண்ணாடி அறைக் கதவில் அதுவரை தாழ்ப்பாள்கூட இருந்ததில்லை. கடிகாரக்காரர் திருப்புளியை எடுத்து, இரவு முழுக்கக் கதவில் வளையம் பொருத்தினார்.

பின்னால் நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். மகள் பன்னிரண்டாவது நாள் முழு வாக்கியம் பேசினாள், அது மாமாவைப் பற்றிய கேள்வி. வருஷங்கள் போக அவள் வகுப்பிலேயே அதிகம் பேசுபவள் என்று பெயர் வாங்கினாள், பிறகு வேலைக்குப் போனாள், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. தையல்காரியின் மெஷின் சத்தம் தெருமுனை வரை வருகிறது. ரயில் மேட்டிலும் சில நாள் ரயில் கேட்பதாகச் சொல்கிறார்கள். தெருக்காரர்கள் படித்து முடித்த செய்தித்தாளைக் கண்ணாடி அறையின் மேல் ஜன்னல் வழியாகப் போடுவார்கள், சாப்பாடு போகும் அதே ஜன்னல். உள்ளே இருப்பவனுக்குச் சொந்தச் சொல் தீர்ந்து வெகுநாளாகிவிட்டது. எழுத்தைக் கூட்டிப் படிக்கிறான், அதுவும் வராதபோது ஆ, ஊ என்று ராகம் இழுக்கிறான். கொடி கூரை வரை போய்விட்டதால் பூக்காத மாதங்களில் மட்டும் அவன் வாய் அசைவது தெரியும். குழந்தைகள் நின்று பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போவார்கள். வீடு மாறி வரும் புதியவர்கள் முதல் வாரம் கேட்பார்கள், அது என்ன சத்தம் என்று. ரேடியோ என்று சொல்வார்கள். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். விதைக்காரி ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாள் அலமாரியைத் திறந்து பழைய படிவத்தை எடுத்து, வேர் என்ற வரியில் சாதாரணம் என்பதை அடித்தாள். அதன் மேல் வேறொன்றும் எழுதவில்லை. செடிக்குப் பெயரும் வைக்கவில்லை.

பூட்டு வாங்கிய பிறகு வந்த திங்கட்கிழமை காலை நடந்தது இவ்வளவுதான். தம்பி சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கையில் முக்காலி, கக்கத்தில் ஒரு கட்டுச் செய்தித்தாள், என் சொல் போகாமல் இன்னொருவன் சொல் போகட்டும் என்பது அவன் கணக்கு. மகளின் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்து, "மாமா ஒரே நாள்ல சரி பண்ணிடறேன் பாரு வாலு" என்றான். கண்ணாடி அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தான். மொட்டு விட்டிருந்தது. வாசனை இன்னும் வரவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள்தான் அக்கா. எனக்குப் பயமா இருக்கு, உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் தட்டு."

"சரி."

"மறந்துடாத."

"பதினாலு கடிகாரம் இருக்குற வீடுடா இது. எப்படி மறப்பேன்?"

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துப் பேசத் தொடங்கினான். அவள் கொஞ்சநேரம் கேட்டாள். துணிக்கடை முதலாளியின் மூக்கு, முதலிலிருந்து. தரைக்கு அடியில் ஏதோ உதிர்ந்தது, காலில் தெரிந்தது. அவள் கதவை இழுத்துச் சாத்தினாள், வளையத்தில் பூட்டை மாட்டினாள், அழுத்தினாள். டக். முன்னறையில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருந்த கடிகாரக்காரருக்கு அது கேட்டது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.